உதடு தெரியாத இடம்

என் மாமியார் என்னைத் திட்ட ஆரம்பிப்பது சாயங்காலம் ஏழரை மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். தொண்டைக்குச் சுடுதண்ணி வெச்சிருக்கேன், குடை எடுத்துக்கிட்டியா, ஏன் முகம் வாடியிருக்கு என்று காலையிலிருந்து என்னைத் தாங்குகிற மனுஷிதான். ஏழரை அடித்து, டி.வி. தொடரின் பாட்டு முடிந்து, பெரிய மருமகள் மாடிப்படியில் இறங்கி வந்து வாயைத் திறந்தால் போதும், சோபாவின் நுனிக்கு வந்துவிடுவார். "வந்துட்டா பாரு, கட்டையில போறவ! ஏண்டி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் நாக்கு அழுகிப் போக!" அழுகிப் போகவேண்டிய அந்த நாக்கு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும். ஆமாம், என் நாக்குதான்.

திரையில் தெரிகிற முகம் வேறொருத்தியுடையது. அந்தப் பெண்ணுக்கு நம் பாஷை வராது. படப்பிடிப்பில் தன் பாஷையில் எதையோ சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்கி இறக்குவாள். அந்தப் புருவத்துக்குப் பொருத்தமாகக் குரலை வைப்பது என் பிழைப்பு. அவளை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். பூனை குறுக்கே போனதற்கு நாற்காலிமேல் ஏறி நின்ற அப்பாவி. ஊரே நடுங்குகிற திமிர் அவளுடையது இல்லை, என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேணாம்" என்றார். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா, "அவங்க முன்னாடி ரொம்பப் பேசிடாதே, தகரத்தை இழுக்கற மாதிரி இருக்கு" என்றாள். அந்தத் தகரக் குரலுக்குத்தான் இன்றைக்கு இத்தனை வீட்டில் ஆளாளுக்கு எழுந்து நின்று சாபம் கொடுக்கிறார்கள்.

தொடரில் நான் செய்யாத அக்கிரமம் இல்லை. சின்ன மருமகளின் சான்றிதழைக் கொளுத்தினேன். மாமனாரின் மருந்தை மாற்றி வைத்தேன். விஷம் கலந்த பால் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வாரக்கணக்காக ஒரே கதவருகில் நின்றேன். பால் திரிந்தே போயிருக்கும். ஆனால் ஜனங்கள் என்னை எதற்காகக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்று கவனித்துப் பார்த்திருக்கிறேன். விஷத்துக்குச் சும்மா 'சே' என்கிறார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே புகுந்து, 'நான் ஒருத்தி இங்க நிக்கறது யாருக்கும் தெரியலையா?' என்று கேட்கிறேன் பாருங்கள், யாரும் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தட்டில் நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் பாருங்கள், அங்கேதான் அவர்களுக்குக் கொதிக்கிறது. விஷத்தை மறந்துவிடுகிறார்கள், தட்டை மறப்பதில்லை.

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வரிசையில் ஒரு ஆள் என்னைத் தாண்டி உள்ளே நுழையப் பார்த்தார். "ஏங்க, அடுத்தது நான்" என்றேன். அவ்வளவுதான். காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "அய்யய்யோ, அந்தக் குரலு!" என்றாள் ஒருத்தி. "நீங்கதானா அது? நல்லா இருப்பீங்களா நீங்க? அந்தச் சின்னப் பொண்ணை என்ன பாடு படுத்தறீங்க!" என்று இன்னொருத்தி கையை ஆட்டி ஆட்டி என்னைக் கேட்டாள். வீங்கின கன்னத்தோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கையை ஆட்டினவளே படிக்கட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். செல்போனை நீட்டினாள். "தப்பா நினைக்காதீங்க. 'என்னை யாருன்னு நினைச்ச?'ன்னு நீங்க கேப்பீங்கல்ல, அதை ஒரே ஒரு தடவை இதுல பேசிக் குடுங்க. என் நாத்தனாருக்கு அனுப்பணும்." பேசிக் கொடுத்தேன். பல் வலியில் இன்னும் நன்றாகவே வந்தது. அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் படி இறங்கிப் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. உதடு தெரியாத இடம் நம்ம இடம். முகம் திரையில் இருக்கும்வரை அந்த உதட்டுக்கு நாம் அடிமை. அது மூடினால் மூட வேண்டும், திறந்தால் திறக்க வேண்டும். முதுகைக் காட்டி நடந்தாலோ, தலையைக் குனிந்தாலோ, அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பெரிய மருமகள் கோபமாகத் திரும்பிப் போகிற காட்சி ஒன்றில், அவள் முதுகின்மேல் நானாக ஒரு முனகலை வைத்தேன். "ம்க்கும், வந்துட்டாங்க நியாயம் சொல்ல." எழுதினவருக்குக்கூடத் தெரியாது. மறுநாள் பஸ்ஸில் ரெண்டு பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் அத்தைக்கு இந்த ரகசியத்தைச் சொன்னதிலிருந்து அவர் முதுகுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "திரும்பிட்டா, திரும்பிட்டா! இப்ப நீ எதையாவது சொருகியிருப்பியே!" என்று என் தொடையில் தட்டுவார். சொருகியிருப்பேன். சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டு மறுபடி சபிக்கத் தொடங்குவார்.

இப்படி நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் கதையை மாற்றினார்கள். சேனலுக்குப் புதிதாக வந்த பெரிய அதிகாரிக்குக் குடும்பம் ஒன்றுசேர வேண்டுமாம். பெரிய மருமகள் திருந்த வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தில் அவள் மாமியார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள், அடுத்த வாரத்திலிருந்து சமையலறையில் நின்று எல்லோருக்கும் பரிமாறுவாள் என்று டப்பிங் பொறுப்பாளர் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் லிப்பு சார். பேச்சு உதட்டோடு பொருந்த வேண்டும் என்று நாள் முழுக்க 'லிப்பு பாருங்க, லிப்பு' என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வராது. அன்றைக்கு மட்டும், "நல்ல முடிவுதானேக்கா?" என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, அன்றைய திட்டெல்லாம் முடிந்தபிறகு, பாத்திரம் விளக்கிக்கொண்டே அத்தையிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அந்தப் பெண்ணுக்கு அழிவுகாலம் வரவேண்டும் என்று தவம் கிடந்தவர் அல்லவா?

"மன்னிப்பா? எதுக்கு?" என்றார்.

"எதுக்கா? விஷம் வெச்சாளே அத்தை."

"விஷத்துக்கா கேக்கறா?"

எனக்கு வந்திருந்த வசனத்தைச் சொன்னேன். 'நான் வாய் திறந்து பேசினதுதான் எல்லாத்துக்கும் காரணம். என்னை மன்னிச்சிடுங்க. இனிமே பேசவே மாட்டேன்.' சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே உறைத்தது. விஷம் எங்கேயும் இல்லை. கொளுத்தின சான்றிதழ் இல்லை. வாய்தான் இருந்தது.

அத்தை துடைத்துக்கொண்டிருந்த தட்டை மறுபடி துடைத்தார். ஏற்கெனவே காய்ந்துபோன தட்டு.

"நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, எல்லாருக்கும் பரிமாறிட்டு உள்ள போய்ப் பார்த்தா பாத்திரம் காலியா இருக்கும். தினமும் அப்படித்தான். சுரண்டித் தின்னுட்டுப் படுத்துக்குவேன். ஒரு நாள் தாங்கல. கூடத்துல வந்து நின்னு, 'எனக்கு எங்க?'ன்னு கேட்டுட்டேன். அவ்ளோதான் கேட்டேன்."

"அப்புறம்?"

"பெரியவங்களை எதிர்த்துப் பேசிட்டேனாம். உங்க மாமா குனிஞ்ச தலை நிமிரல. எல்லார் முன்னாடியும் என் மாமியார் கால்ல விழச் சொன்னாங்க. விழுந்தேன். 'தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு வாய்விட்டுச் சொன்னேன்டி. என்ன தப்பு? பசிச்சது தப்பா?"

குழாயை மூடினேன். இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம், இதை அவர் சொன்னதே இல்லை. "அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் என்றது என் கணவரை, அத்தையின் மகனை.

"அவன்கிட்ட எதுக்கு? சொல்லி என்ன ஆகப்போகுது?" தட்டை அடுக்கில் வைத்தார். "இவ கெட்டவதான். சந்தேகமே இல்ல. நான் நல்லாத் திட்டுவேன். ஆனா தட்டை இழுத்துப் போட்டுக்கிட்டு முதல்ல உக்காருறா பாரு, அதைப் பார்த்துத் திட்டினாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது. அவளும் போய் கால்ல விழுந்துட்டான்னா நான் யாரைத் திட்டறது?" வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ அதைப் பேசாதே. சொல்லிட்டேன்."

சொல்வது சுலபம். மாதச் சம்பளம் இல்லாத தொழில் இது. பேசினால் உண்டு, பேசாவிட்டால் வாசலில் பத்துக் குரல் காத்திருக்கிறது, எல்லாம் தேன் சொட்டுகிற குரல். என் தகரத்துக்கு இந்த ஒருத்தியை விட்டால் வேறு வேஷம் கிடையாது. இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. நன்றாக யோசித்துத்தான் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். அத்தை வழக்கம்போலச் சுடுதண்ணி கொடுத்தார்.

டப்பிங் தியேட்டர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பழைய கம்பளம், நடுவில் ஒரு மைக், எதிரே திரை. ஏ.சி. இரைச்சல் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வயிறு காலியாக வரக்கூடாது என்பது லிப்பு சாரின் சட்டம், பசித்த வயிறு கத்தினால் மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குரலைப் பதிவு செய்கிற மெஷின்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் கையைத் தூக்கினால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், இறக்கினால் பேச வேண்டும். எங்களுக்குள் இத்தனை வருஷப் பழக்கமும் அந்தக் கை ஒன்றுதான்.

காட்சி ஓடியது. பெரிய மருமகள் தள்ளாடி வருகிறாள். கூடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். அவள் மடங்கி, தலையை மாமியாரின் பாதத்தில் கவிழ்க்கிறாள். கேமரா ஒரு பக்கத்திலிருந்து, எதிர்ப் பக்கத்திலிருந்து, கடைசியில் மேலேயிருந்து என்று மூன்று தடவை பார்க்கிறது. அவிழ்ந்த கூந்தல், முதுகு, குலுங்குகிற தோள். நான் திரையை உற்றுப் பார்த்தேன். முகம் இல்லை. ஓரத்தில்கூட உதடு இல்லை.

கை இறங்கியது. நான் பேசினேன்.

"குனிஞ்சது முதுகுதான். நான் இல்ல."

ஒலிபெருக்கியில் லிப்பு சாரின் குரல் வந்தது. "அக்கா, தாளைப் பாருங்க. வசனம் அது இல்ல."

"பார்த்துட்டேன் சார். இன்னொரு டேக் போகலாம்."

கை ஏறி இறங்கியது. மறுபடி அதையே சொன்னேன், இந்தத் தடவை இன்னும் தணிந்த குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு. மெஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா, பயப்படுகிறாரா தெரியவில்லை. லிப்பு சார் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"என்னக்கா விளையாட்டு இது? சாயங்காலம் போற எபிசோடு. கதையே மாறிடும்."

"மாறட்டும். லிப்பு எங்கயாவது இடிக்குதா, சொல்லுங்க."

"லிப்பா இப்ப பிரச்சினை?"

"வாழ்நாள் முழுக்க அதைத்தானே சார் சொன்னீங்க?"

அவர் போனை எடுத்து இயக்குநரைக் கூப்பிட்டு, பேச்சு எனக்கும் கேட்கிறபடி வைத்தார். இயக்குநர் அவசரத்தில் இருந்தார். "அம்மா, உங்களைக் கூப்பிட்டது பேசறதுக்கு. எழுதறதுக்கு ஆள் இருக்கு" என்றார்.

"எழுதிக் குடுத்ததைத்தான் சார் இத்தனை நாளும் பேசினேன். கொளுத்தச் சொன்னீங்க, கொளுத்தினேன். விஷம் வெக்கச் சொன்னீங்க, வெச்சேன். அந்த விஷத்துக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லி எழுதுங்க, இங்கயே கதறி அழறேன். வாயைத் திறந்ததுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"ஜனங்க அவ அழியணும்னுதானே பார்க்கறாங்க?"

"இல்ல சார். அவ அழியணும்னு திட்டறதுக்காகப் பார்க்கறாங்க. அவங்க சொல்ல முடியாததை எல்லாம் அவ சொல்றா. அதைக் கேக்கவும் வேணும், கேட்டதுக்கு அவளை மொத்தவும் வேணும். ரெண்டும் ஒரே டிக்கெட்டுல கிடைக்குது. நீங்க அவ வாயை மூடிட்டீங்கன்னா, பாவம், அவங்க எங்க போவாங்க?"

ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். "வேற வாய்ஸ் கூப்பிடுங்க. அம்மாவை அனுப்பிடுங்க" என்றார் இயக்குநர். போன் அணைந்தது.

லிப்பு சாருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒரே வரிக்கா. பேசிட்டுப் போயிடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "எனக்குத் தெரியும்ல" என்றேன். வளையலை எடுத்து மாட்டிக்கொண்டேன், சத்தம் வரும்படியாகவே மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்காரர் எழுந்து நின்றிருந்தார். வராந்தாவில் எனக்குப் பதிலாக வந்த பெண் ஏற்கெனவே மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். தேன் குரல்தான். "அக்கா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள். "உன் மேல என்ன தப்பு? போய்ப் பேசு. வயிறு ரொம்பியிருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கினேன். பஸ் நிறுத்தம்வரை நடந்தேன்.

வீட்டில் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலை போனதையும், நான் பேசினதையும், அது வரப்போவதில்லை என்பதையும் சொன்னேன். "ம்" என்றார். ஏழரைக்குச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். என் கணவர் பம்ப் ரிப்பேர் கடையை அடைத்துவிட்டு வந்து, வழக்கம்போல மடியில் தட்டோடு ஓரத்து நாற்காலியில் இருந்தார். தட்டில் அத்தைதான் எடுத்து வைத்திருந்தார். எனக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் வாயில் இன்னொருத்தி பேசுவதை எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

பெரிய மருமகள் தள்ளாடி வந்தாள். இன்றைக்கு அத்தை திட்டவில்லை. கூடத்தில் எல்லோரும் நின்றார்கள். மடங்கினாள், கூந்தல் அவிழ்ந்தது, தலை பாதத்தில் கவிழ்ந்தது. "நான் வாய் திறந்து பேசினதுதான்..." என்று தேன் குரல் விம்மத் தொடங்கியது.

"இது நீ இல்ல" என்றார் அத்தை. ரிமோட்டை நீட்டிச் சத்தத்தை நிறுத்தினார்.

"ஏம்மா, கேக்கட்டும்மா" என்றார் என் கணவர். அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் அந்த முதுகு சத்தமில்லாமல் குலுங்கியது. அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குப் பசிச்சுது" என்றார் திரையைப் பார்த்து. குரல் உடைந்து, பாதிதான் வெளியே வந்தது. "கேட்டேன்."

என் கணவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "யாருக்கும்மா பசிச்சுது?" என்று கேட்டார்.

முக்கியமான கட்டம் என்றால் தொடரில் அதை ஒரே தடவையோடு விடமாட்டார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து அதே காட்சி மறுபடி வந்தது. மறுபடி மடங்கினாள், மறுபடி கூந்தல் அவிழ்ந்தது. அத்தை இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எனக்குப் பசிச்சுது. கேட்டேன். அதுல என்னடி தப்பு?" பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே. என் கணவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை மேலேயிருந்து வரும். எனக்குத் தெரியும், காலையில் பார்த்த காட்சிதானே. முகம் இல்லை, ஓரத்தில்கூட உதடு இல்லை, எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பேசலாம். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். திரையில் அந்தத் தலை பாதத்தை நோக்கிக் குனிந்தது. தொடும்வரை காத்திருந்து கையை இறக்கினேன். அத்தை வாயைத் திறந்தார்.